துருப்பிடிக்காத கோதுமை

துரு என்றதும் நம் மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இரும்பு நினைவுக்கு வரும். சிவில் நண்பர்களுக்குக் கடற்கரைப் பக்கத்துக் கட்டடங்களில் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்க்கும் கம்பி நினைவுக்கு வரும். நம் ஊர் உப்புக்காற்றில் சைக்கிள் செயினுக்கே ஆயுசு குறைவு! ஆனால் நான் எழுதப்போகும் துரு வேறு. இது பயிருக்குப் பிடிக்கிற துரு. பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். நோய் கண்ட கோதுமைத் தண்டை விரலால் தேய்த்தால், துருப்பிடித்த கம்பியைத் தொட்ட மாதிரி செம்பழுப்புத் தூள் ஒட்டிக்கொள்ளும். ஒரு வித்தியாசம் உண்டு. இரும்புத் துரு பக்கத்துக் கம்பிக்குப் பறந்து போகாது. கோதுமைத் துரு ஆயிரம் கிலோமீட்டர் பறந்து போகும்.

பாலிடெக்னிக் ஆண்டு மலரில் கோதுமைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். புதுச்சேரியில் ஒரு ஏக்கர் கோதுமைகூடக் கிடையாது, உண்மைதான். ஆனால் ஹாஸ்டல் மெஸ்ஸில் ராத்திரி சப்பாத்தி, காலையில் டீக்கடை பன், பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன நீள ரொட்டி என்று நாம் தினமும் தின்கிறோம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்றிருக்கிறது. வட இந்தியக் கோதுமையின் பரம எதிரி வருஷம் பூரா குடியிருப்பது நம் தமிழ்நாட்டு மலையில். அது வடக்கே போக ஏறுகிற வண்டி, நம் வங்கக் கடலில் உருவாகிற புயல்!

விஷயத்துக்கு வருகிறேன். கோதுமையைத் தாக்கும் துரு மூன்று வகை: தண்டைப் பிடிக்கும் கருந்துரு, இலையைப் பிடிக்கும் பழுப்புத்துரு, கோடு கோடாக வரும் மஞ்சள்துரு. மூன்றுமே பக்ஸீனியா என்ற பூஞ்சாணக் குடும்பம். உயிருள்ள பயிரில் மட்டுமே இவை வாழும். செத்த வைக்கோலில் இவற்றுக்குச் சோறு கிடையாது. அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது அல்லவா? வட இந்தியாவில் ஏப்ரலில் அறுவடை முடிந்துவிடும். மே, ஜூன் வெயிலில் அங்கே பச்சைக் கோதுமையும் இல்லை, பூஞ்சாண வித்து உயிரோடு இருக்கவும் முடியாது. பிறகு டிசம்பர், ஜனவரியில் துரு எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் ஆக்ராவில் பணியாற்றிய பேராசிரியர் கே.சி. மேத்தா. 1920-களிலும் 30-களிலும் ஊர் ஊராக அலைந்து ஆராய்ந்து அவர் கண்ட விடை இதுதான்: சமவெளியில் துரு கோடையைத் தாண்டுவதில்லை, மலையில்தான் தாண்டுகிறது. வடக்கே இமயமலை, தெற்கே நீலகிரியும் பழனி மலையும். குளிர்ச்சி விரும்பும் மஞ்சள்துருவுக்கு இமயம். கருந்துருவுக்கு முக்கியமான தாய்வீடு நம் நீலகிரி. பழுப்புத்துருவுக்கு இரண்டு பக்கமும் வீடு உண்டு. நீலகிரியில் கோடையிலும் கோதுமை பயிராகும். பயிர் இருக்கிற வரைக்கும் துருவும் இருக்கும்.

சரி, ஊட்டியிலிருந்து மத்தியப் பிரதேசத்துக்கு எப்படிப் போகிறது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. 1975-ல் நாகராஜன், சிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் "இந்தியத் தண்டுத்துரு விதிகள்" என்று சில நிபந்தனைகளை வெளியிட்டார்கள். அதில் முதல் விதியைக் கேளுங்கள். தீர்க்கரேகை 65-க்கும் 85-க்கும் இடையே, அட்சரேகை 10-க்கும் 15-க்கும் இடையே, வங்கக் கடலிலோ அரபிக் கடலிலோ ஒரு புயலோ தாழ்வு மண்டலமோ உருவாகி, அது நடு இந்தியாவுக்குப் போய் ஓய வேண்டும். அட்லஸை எடுத்துப் பாருங்கள். புதுச்சேரி ஏறத்தாழ 12-ல், 80-ல் இருக்கிறது. பெட்டிக்குள் நாம் அச்சாக உட்கார்ந்திருக்கிறோம்! நவம்பரில் ரேடியோவில் புயல் செய்தி கேட்டு நாம் காலேஜ் லீவா என்று பார்க்கிற நேரத்தில், மலை மேலிருக்கும் தூள் காற்றில் ஏறி வடக்கே போக வழி திறக்கிறது. அங்கே போனதும் மழை அதைக் கீழே இறக்கும். அப்போதுதான் விதைத்து முளைத்த இளம் கோதுமை அங்கே காத்திருக்கும். இரவுப் பனியின் ஈரத்தில் வித்து முளைத்து இலைக்குள் புகுந்துவிடும். பத்துப் பதினைந்து நாளில் அடுத்த தலைமுறைத் தூள் தயார்.

எல்லாப் புயலும் இதைச் செய்யாது. 2011 டிசம்பர் 30-ல் நம்மைப் புரட்டிப்போட்ட தானே புயல் கரையேறித் தெற்கிலேயே ஓய்ந்துவிட்டது. கரை கடந்தும் சாகாமல் நடு இந்தியா வரை போகிற புயல்தான் ஆபத்து. புயல் தவிர, தென்னிந்தியாவின் மேல் நிலைத்து நிற்கும் உயர் அழுத்தம், தெற்கு வரை நீளும் காற்றழுத்தப் பள்ளம் என்று வேறு நிபந்தனைகளும் அந்த விதிகளில் உண்டு. அதையெல்லாம் விளக்கினால் கட்டுரை வானிலை அறிக்கையாகிவிடும்.

1946-47-ல் மத்திய இந்தியாவில் இந்தக் கருந்துரு போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. கதிர் வந்த பயிர் நின்ற நிலையில் காய்ந்தது. மணி சுருங்கிப் பதராயிற்று. மருந்து அடித்துத் தடுக்கலாமே என்றால், கோடிக்கணக்கான ஏக்கரில் ஏழை விவசாயி எத்தனை தடவை அடிப்பான்? ஆகவே எதிர்ப்பை விதைக்குள்ளேயே வைத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். டாக்டர் பி.பி. பால் தலைமையில் டில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் உழைத்து, மூன்று துருவையும் தாங்கக்கூடிய என்.பி.809 என்ற ரகத்தை 1950-களில் கொண்டுவந்தது.

எதிர்ப்பை விதைக்குள் வைப்பது எப்படி? கேட்க எளிது, செய்வதற்குக் கண்ணும் கையும் பொறுமையும் வேண்டும். கோதுமைப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். ஒவ்வொரு பூவிலும் மூன்று மகரந்தப்பைகள். அவை வெடிப்பதற்கு முன்னால் இடுக்கியால் மூன்றையும் கிள்ளி எடுத்துவிட வேண்டும், சூலகத்தில் கீறல் விழக்கூடாது. கதிர் முழுவதும் இப்படிச் செய்து காகித உறை மாட்டி, இரண்டு மூன்று நாள் கழித்து எதிர்ப்புள்ள செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தூவ வேண்டும். நம் லேபில் வெர்னியரைப் பிடித்தாலே கை நடுங்குகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

அதோடு வேலை முடிவதில்லை. எதிர்ப்புள்ள செடி பெரும்பாலும் விளைச்சலில் உதவாக்கரை. சில சமயம் அது கோதுமையே அல்ல, காட்டுப் புல். அதன் குணத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கழிக்க வேண்டும். அதற்காகப் பிறந்த பிள்ளையை மறுபடி நல்ல ரகத்தோடு கலப்பார்கள். பிறகு மறுபடி. இது பின்கலப்பு. கணக்கு மிகவும் சுலபம். முதல் கலப்பில் காட்டுப்புல்லின் பங்கு 50 சதவீதம். பின்கலப்பு ஒவ்வொன்றிலும் அது பாதியாகும்: 25, 12.5, 6.25, 3.125, 1.56, ஆறாவதில் 0.78. ஒவ்வொரு தலைமுறையிலும் துருவைத் தூவிப் பார்த்து, நோய் பிடிக்காத செடியை மட்டும் அடுத்த கலப்புக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு பின்கலப்பு முடிந்தால் 99 சதவீதத்துக்கு மேல் பழைய நல்ல ரகம், கூடவே வேண்டிய ஜீன். வருஷத்துக்கு ஒரு போகம் என்றால் இதற்கே ஏழெட்டு வருஷம்.

இந்தக் காலத்தைப் பாதியாக்கியது நம் நீலகிரி. குன்னூரை அடுத்த வெலிங்டனில், சுமார் 1850 மீட்டர் உயரத்தில், டில்லி நிறுவனத்தின் பிராந்திய நிலையம் 1950-களிலிருந்து இயங்குகிறது. சுற்றுலா போனபோது எங்கள் பஸ் அந்த வழியாகத்தான் ஏறியது. எல்லோரும் ராணுவ முகாமை எட்டிப் பார்த்தார்கள். கோதுமைக்கு அங்கே இவ்வளவு பெரிய வேலை நடக்கிறது என்று பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியாது. வடக்கே ஏப்ரலில் அறுத்த விதையை இங்கே கோடையில் விதைத்து, நவம்பருக்குள் திருப்பி அனுப்பிவிடலாம். ஆண்டுக்கு இரண்டு தலைமுறை. இன்னொரு லாபமும் உண்டு: துரு இங்கே இயற்கையாகவே இருப்பதால் பரீட்சைக்குத் தனியாகக் கேள்வித்தாள் தயாரிக்க வேண்டாம்! தாங்கினால் பாஸ், தாங்காவிட்டால் பெயில்.

அங்கே உருவான ரகங்களில் ஒன்று எச்.டபிள்யூ.2004. சப்பாத்திக்குப் பெயர் போன சி.306 என்ற பழைய ரகத்தில், உயரமாக வளரும் ஒரு காட்டுப்புல்லிலிருந்து வந்த எஸ்.ஆர்.24, எல்.ஆர்.24 என்ற இரண்டு ஜீன்களைப் பின்கலப்பால் ஏற்றினார்கள். முதலாவது கருந்துருவுக்கு, இரண்டாவது பழுப்புத்துருவுக்கு. ரகத்துக்கு வைத்த பெயர் "அமர்", அதாவது சாகாதது. அந்தப் பெயரில் கொஞ்சம் அவசரம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று சொல்கிறேன்.

எதிர்ப்பு ஜீன் என்ன செய்கிறது? அதை ஹாஸ்டல் வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஷோ பார்த்துவிட்டு வருகிற ஒரு பையனின் சிவப்புச் சட்டையை மட்டும் அவருக்கு அடையாளம் தெரியும். சிவப்புச் சட்டை சுவரில் கால் வைத்ததும் விசில் அடித்துவிடுவார். செடிக்குள்ளும் இதே கதைதான். பூஞ்சாணம் செல்லுக்குள் நுழையவிடும் ஒரு புரதத்தை எதிர்ப்பு ஜீன் அடையாளம் கண்டுகொள்கிறது. உடனே அந்தச் செல் தன்னைத்தானே கொன்றுகொள்கிறது. குடிசைப் பகுதியில் தீப்பிடித்தால் பக்கத்துக் கூரையைப் பிரித்துப் போடுவார்களே, அந்த மாதிரி. துருவுக்குச் செத்த செல்லில் சோறு கிடையாது என்று முன்பே சொன்னேன், ஆகவே அங்கேயே பட்டினி கிடந்து சாகும். இலையில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் மிஞ்சும்.

ஆனால் பையன் மறுநாள் வெள்ளைச் சட்டையில் வந்தால்? வாட்ச்மேன் சலாம் போட்டு உள்ளே விடுவார். பூஞ்சாணத்திலும் அந்தப் புரதம் கொஞ்சம் மாறிய ஓர் இனம் தோன்றினால் போதும். செடியின் ஒரு ஜீனுக்கு எதிரே பூஞ்சாணத்தில் ஒரு ஜீன் என்ற இந்தக் கணக்கை 1940-களில் அமெரிக்காவில் ஆளி விதைப் பயிரின் துருவில் நிறுவியவர் எச்.எச். ஃப்ளோர்.

இப்போது நிகழ்தகவைக் கொண்டுவாருங்கள். சட்டை மாறுகிற வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மிகக் குறைவுதான். ஆனால் நோய் கண்ட ஒரே வயலில் கோடிக்கணக்கான வித்துகள் இருக்கின்றன. நாடு முழுக்க ஒரே ஜீனை நட்டால் அது உடைவது நிச்சயம், தேதி மட்டும்தான் தெரியாது. இரண்டு வாட்ச்மேன்கள் இரண்டு வேறு அடையாளத்தைப் பார்த்தால், ஒரே வித்தில் இரண்டும் மாற வேண்டும்: பத்து லட்சத்தைப் பத்து லட்சத்தால் பெருக்குங்கள். மூன்று என்றால் கால்குலேட்டர் திணறும். பல ஜீன்களை ஒரே ரகத்தில் அடுக்குவது இதனால்தான். ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்று நாம் படிப்பதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் நம் ஸ்டீல் கம்பி தன் மேல் விழும் பாரத்தைத் தந்திரமாக மாற்றிக்கொள்ளாது!

இது வெறும் கணக்கல்ல, நடந்த கதை. கம்புப்புல் என்று சிலர் சொல்லும் ரை தானியத்திலிருந்து வந்த எஸ்.ஆர்.31 என்ற ஜீன் முப்பது ஆண்டுக்கு மேல் உலகம் முழுக்கக் கருந்துருவைத் தடுத்து நின்றது. பஞ்சாபில் கொடிகட்டிப் பறந்த பி.பி.டபிள்யூ.343 ரகத்திலும் அதுதான் இருந்தது. 1998-ல் உகாண்டாவில் அந்த ஜீனை ஏமாற்றும் இனம் தென்பட்டது. 1999-ல் அதற்கு யு.ஜி.99 என்று பெயர் வைத்தார்கள். கென்யா, எத்தியோப்பியா வழியாக 2006-ல் ஏமனில், 2007-ல் ஈரானில். இந்தியாவில் இது பதிவாகவில்லை. ஆனாலும் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திராமல், 2005 முதல் நம் ரகங்களைக் கென்யாவுக்கு அனுப்பி அங்கேயே பரீட்சை வைத்தார்கள். அமருக்குள் இருந்த எஸ்.ஆர்.24? அதை ஏமாற்றும் கருந்துரு இனம் இந்தியாவில் அதற்கு முன்பே பதிவாகியிருந்தது. 2006-ல் கென்யாவில் யு.ஜி.99 குடும்பத்திலும் ஒன்று வந்துவிட்டது.

பி.பி.டபிள்யூ.343-ஐக் கடைசியில் வீழ்த்தியது யு.ஜி.99 அல்ல, மஞ்சள்துரு. ஒரே ரகத்தை அத்தனை லட்சம் ஏக்கரில் நட்டதற்கு அந்த விலை. அதற்கு மாற்றாக 2011-ல் எச்.டி.2967 வந்தது. விவசாயிகள் உடனே அதையும் அதே மாதிரி எங்கு பார்த்தாலும் நட்டார்கள். குறை சொல்ல முடியுமா? நல்லா விளைகிறதை விட்டுவிட்டு வேறொன்றை நடு என்றால் யார் கேட்பார்கள்!

முகம் பார்க்காத எதிர்ப்பும் உண்டு. எல்.ஆர்.34, எஸ்.ஆர்.2 போன்ற ஜீன்கள் விசில் அடிப்பதில்லை. துருவை உள்ளே விடும், ஆனால் மெதுவாக்கும். கொப்புளம் சின்னதாகும், தூள் குறையும், தலைமுறைக்கு ஆகும் நாள் கூடும். அதற்குள் கதிர் முற்றிவிடும். எஸ்.ஆர்.2 வந்த வழியைப் பார்த்தால், அது 1920-களில் அமெரிக்காவில் மெக்ஃபேடன் என்பவர் எம்மர் கோதுமையோடு செய்த கலப்பு. எம்மர் என்றால் வேறொன்றுமில்லை, நம் மளிகைக் கடையில் ரவையாக விற்கும் சம்பா கோதுமையின் சாதி. துரு இனங்களைப் பிரித்தறிய அமெரிக்கர்கள் 1922-ல் வகுத்த பன்னிரண்டு சோதனை ரகங்களில் "கப்ளி" என்ற இந்திய எம்மரும் ஒன்று. வெலிங்டன் நிலையம் இந்தச் சம்பா கோதுமையிலும் குட்டை ரகம் கொடுத்திருக்கிறது, எச்.டபிள்யூ.1098 என்று.

பூஞ்சாணம்தான் இப்படி ஏமாற்றுமா, பூச்சி ஏமாற்றாதா? ஏமாற்றும். அமெரிக்கக் கோதுமையில் ஹெஸ்ஸியன் ஈ என்று ஒன்று. அதற்கு எதிராக முப்பதுக்கு மேற்பட்ட ஜீன்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஈயும் இனம் மாறி மாறி வருகிறது. மெக்கானிக்கல்காரர்களுக்குப் பிடிக்கக்கூடியது கனடாவின் ரம்ப ஈ கதை. இதன் புழு கோதுமைத் தண்டின் உள்ளே, குழாயில் இறங்குவது போல இறங்கி அடியில் அறுத்துவிடும். இதற்கு 1946-ல் "ரெஸ்க்யூ" என்ற ரகத்தை வெளியிட்டார்கள். அதில் விஷமும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை. தண்டு உள்ளீடற்ற குழாயாக இல்லாமல் சோறு அடைத்த தண்டாக இருந்தது, அவ்வளவுதான். ஹாலோ ஷாஃப்டுக்குப் பதில் சாலிட் ஷாஃப்ட்! மேகமூட்டமான வருஷத்தில் வெளிச்சம் குறைந்தால் தண்டு சரியாக நிரம்பாது, புழுவுக்கு வழி கிடைத்துவிடும் என்பது அதில் உள்ள குறை.

நம் பக்கம் நெல்லில் இதே யுத்தம். பாகூரில் என் மாமா ஒரு தடவை புகையான் விழுந்த வயலைக் காட்டினார். நடுவில் வட்டம் வட்டமாகப் புகை பிடித்த மாதிரி காய்ந்திருந்தது. "மருந்து அடிச்சும் போவலையேடா, அடிக்க அடிக்க ஜாஸ்தியாவுது" என்றார். அவர் சொன்னது சரிதான். கண்டபடி மருந்தடித்தால் புகையானைத் தின்கிற சிலந்திதான் முதலில் சாகும். இதற்கும் விதையில் எதிர்ப்புத் தேடினார்கள். ஆத்தூர் கிச்சிலி சம்பாவிலிருந்து 1921-ல் வந்தது ஜி.இ.பி.24. அதன் வாரிசு திரூர்க்குப்பத்தில் பிறந்த டி.கே.எம்.6, தண்டு துளைப்பானை ஓரளவு தாங்கும். அதைப் பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கலந்துதான் 1969-ல் ஐ.ஆர்.20 வந்தது. நம் அப்பா, தாத்தா காலத்துச் சோறு. அதே டி.கே.எம்.6-க்குப் பிறந்த இன்னொரு பிள்ளை, 1973-ல் வந்த ஐ.ஆர்.26, புகையானைத் தடுத்தது. சில வருஷம்கூட நிற்கவில்லை, புகையான் வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டது. பிறகு கேரளத்துப் பட்டாம்பி நெல்லின் வேறு ஜீனோடு ஐ.ஆர்.36. உங்கள் வீட்டில் வயல் இருந்தால், இந்த விஷயங்களைக் கேட்க வெகுதூரம் போக வேண்டாம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் தொடங்கப்பட்டது நம் புதுச்சேரியில்தான்.

கடைசியாக, நெல்லும் கோதுமையும் ஒரே இடத்தில் சந்திக்கும் ஒரு சங்கதி. நம் நெல்லில் குலைநோய் உண்டல்லவா, கதிர்க் கழுத்து கறுத்து ஒடிந்து விழும். அதே பூஞ்சாண வகையின் ஒரு கிளை 1985-ல் பிரேசிலில் கோதுமைக்குத் தாவியது. முப்பது ஆண்டு தென்னமெரிக்காவோடு நின்றது. 2016 பிப்ரவரியில் வங்கதேசத்தில் சுமார் 15,000 ஹெக்டேரில் கோதுமைக் கதிர்கள் வெளுத்து நின்றன. மறு ஆண்டே மேற்கு வங்கத்தில் எல்லையோர நதியா, முர்ஷிதாபாத் பகுதிகளில் கோதுமை விதைக்கவே தடை போட்டார்கள். துருவுக்குக் கைவசம் பல ஜீன்கள் இருக்கின்றன. இந்த நோய்க்கு எதிராக வயலில் நம்பகமாக நிற்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்று, ஒரு காட்டுப்புல்லிலிருந்து வந்த 2 என்.எஸ். என்ற துண்டு. 2017-ல் வங்கதேசம் வெளியிட்ட "பாரி கோம் 33" ரகம் அதை நம்பித்தான் இருக்கிறது. தென்னமெரிக்காவில் அந்தத் துண்டையும் ஓரளவு மீறும் இனங்களை ஏற்கெனவே கண்டிருக்கிறார்கள்.